உப்புக்காற்றுக்கு மூன்று கிலோ

வீடு வீடாக எடை பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் இரண்டு பேரைக் குப்பத்தில் பார்த்தேன். நான் மீன் வாங்கப் போயிருந்தேன். நீங்கள் ஒரு வயசானவர் வீட்டு வாசலில் நின்றிருந்தீர்கள். ஒருத்தி கையில் செல்போன், இன்னொருத்தி கையில் எடை மெஷின். அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. போன மாசம் எவ்வளவு இருந்தீர்கள் தாத்தா என்று கேட்டீர்கள். ஐம்பதோ என்னவோ என்றார். ஐம்பது என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மெஷின் தரையைத் தொடவே இல்லை.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் ரிட்டையர் ஆன நர்சு மீன் பையோடு தெருவில் நின்று கத்தினால் யார் மதிப்பார்கள்? வீட்டுக்கு வந்து பையை மருமகளிடம் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நடுவில் உங்களுக்கு ‘இந்தம்மாவுக்கு வேற வேலையில்ல’ என்று தோன்றும். தோன்றட்டும், முழுசாகப் படியுங்கள்.

நீங்கள் செய்ததைவிடப் பெரிய தப்பை நான் செய்திருக்கிறேன். முப்பத்து மூன்று வருஷம் இந்த உப்பள ஓரத்திலேயே கிராம நர்சாக வேலை பார்த்தவள் நான். ஊசி மாற்றிப் போட்டதில்லை, மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை. எடை எழுதுவதில்தான் கோட்டை விட்டேன். இவ்வளவு சுலபமான வேலையில் கோட்டை விட முடியுமா என்று கேட்பீர்கள். சுலபமான வேலையில்தான் முடியும்.

நான் வேலைக்கு வந்தபோது எடை பார்ப்பது குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்தான். வயசானவர்களை நிறுத்துப் பார்க்கும் வழக்கமே கிடையாது. உப்பளத்தில் வேலை செய்த ஆணோ பெண்ணோ ஐம்பது தாண்டினால் எலும்பும் தோலுமாக இருப்பார்கள். காலையில் கூழ், மத்தியானம் கொஞ்சம் சோறு, நாள் முழுக்க வெயிலில் உப்பு வாருவது, கூடையைத் தலையில் தூக்குவது. உடம்பில் சதை எங்கே தங்கும்? அறுபது வயசில் தொப்பை வைத்த ஒருவரை மரக்காணம் பக்கம் பார்த்தால் அவர் உப்பள முதலாளியாக இருப்பார், இல்லையென்றால் வாத்தியாராக இருப்பார்.

பிறகு எல்லாம் மாறியது. கூழ் போய் மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு வந்தது. முட்டி தேய்ந்து வேலையை விட்டு வந்த பெண்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நாலு தடவை டீ, ஒவ்வொரு டீக்கும் மூன்று ஸ்பூன் சர்க்கரை, பேரப்பிள்ளை கடித்து வைத்த பிஸ்கட் எல்லாம் இவர்கள் வயிற்றில். கடலுக்குப் போவதை நிறுத்திய ஆண்களுக்கு ஒரே வருஷத்தில் சட்டை இறுக்கமானது. அதே தெருவில் பழைய மாதிரி வற்றிப்போனவர்களும் இருந்தார்கள். ஒரே வீட்டில் பொண்டாட்டி எண்பது கிலோ, புருஷன் நாற்பத்தைந்து. இரண்டு பேருக்கும் சுகர்.

இதற்கெல்லாம் எங்களிடம் இருந்தது ஒரே வசனம். எடையைக் குறையுங்கள். முகாமில் அதையே சொன்னோம், வீடு வீடாகப் போய் அதையே சொன்னோம். ஒல்லியாக இருப்பவரைப் பார்த்தால் இவருக்குப் பிரச்சினை இல்லை என்று தாண்டிப் போனோம். வயசானவருக்கு எடை இறங்கினால் நல்லது, ஏறினால் கெட்டது. எங்கள் மொத்த அறிவும் இவ்வளவுதான். நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

இனி மெஷின் கதைக்கு வருகிறேன். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் முள் வைத்த பழைய எடை மெஷின் ஒன்று இருந்தது. உப்புக்காற்று சும்மா விடுமா? ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் பொலபொலவென்று உதிரும் ஊர். மெஷினுக்குள் இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை மெஷினில் நான் ஏறினேன், அறுபத்தாறு காட்டியது. அன்று சாயங்காலமே இங்கே ஏறினேன், அறுபத்து மூன்று. வேறு இரண்டு பேரையும் இதேபோல ஏற்றிப் பார்த்தேன். அவர்களுக்கும் மூன்று குறைந்தது.

புது மெஷின் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை. சரி, நானே ஒரு வழி செய்தேன். அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்த்து எடை எழுதும் ரேவதியிடம், ‘யார் ஏறினாலும் மூணு கிலோ கூட்டிப் போடு’ என்றேன். ரேவதி ஒப்பந்தத்தில் வேலை செய்பவள், இரண்டு பிள்ளைக்காரி, நான் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். உப்புக்காற்றுக்கு மூன்று கிலோ என்று நாங்கள் அதற்குப் பேரே வைத்தோம். சிரித்துக்கொண்டோம். எனக்கு அதில் பெருமை வேறு. கேட்டால் மெஷின் தராத ஆபீசை ஒரு நர்சு சமாளித்துவிட்டாள் பார் என்ற பெருமை.

ஒரு வருஷம் கழித்து புது மெஷின் வந்தது. நம்பர் காட்டுகிற மெஷின், சரியாகக் காட்டியது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ‘ரேவதி, இனிமே கூட்டாத.’ நாலு சொல்கூட இல்லை. சொல்லவில்லை. அன்று தடுப்பூசி நாள், எனக்குத் தலைக்கு மேல் வேலை, மறந்தேன். ரேவதியும் கேட்கவில்லை. நான் சொன்னதை நிறுத்தச் சொல்லாமல் அவள் எப்படி நிறுத்துவாள்? மெஷின் சரியாகிவிட்டது, மூன்று கிலோ மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

இதில் மாட்டியவள் பச்சையம்மாள். அறுபத்து நாலு வயசு. நாற்பது வருஷம் பாத்தியில் உப்பு வாரியவள், முட்டி போனதும் நின்றுவிட்டாள். நின்ற பிறகு உடம்பு போட்டது. எழுபத்தாறு கிலோ, சுகர். புருஷன் இல்லை. மகள் கலாவோடு இருந்தாள். கலாவும் உப்பளத்தில் வேலை செய்தாள். அவளுக்கு மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. கலா வேலைக்குப் போனால் குழந்தையை வைத்திருப்பது, சோறு ஊட்டுவது, பக்கத்தில் படுக்க வைப்பது எல்லாம் பச்சையம்மாள்தான். ஒரே அறை வீடு.

புது மெஷின் வந்த மாதத்திலிருந்து பச்சையம்மாளுக்கு எடை இறங்க ஆரம்பித்தது. முதல் மாதம் மெஷின் எழுபத்திரண்டு காட்டியது, ரேவதி எழுபத்தைந்து என்று எழுதினாள். அடுத்த மாதம் அறுபத்தொன்பது, எழுதியது எழுபத்திரண்டு. அதற்கடுத்த மாதம் அறுபத்தைந்து. மூன்று கூட்டி அறுபத்தெட்டு என்று எழுதிக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்கிறீர்கள்? ரேவதி மேல்.

“ஒரு மாசத்துல நாலு கிலோ எங்கம்மா போவும்? மெஷின மணல்ல வச்சியா, இன்னா பண்ண? ஒழுங்கா பாத்து எழுது” என்று கத்தினேன்.

அவள் பேனாவை எடுத்தாள். என் முன்னாலேயே அறுபத்தெட்டை எழுபது ஆக்கினாள். அதன் பிறகு பச்சையம்மாளின் எடை நான் திட்டாத அளவுக்குத்தான் இறங்கியது. மாதம் இரண்டு கிலோ. அறுபத்தெட்டு, அறுபத்தாறு, அறுபத்து நாலு, அறுபத்திரண்டு. அளவெடுத்த மாதிரி. எனக்குப் பார்க்கவே அழகாக இருந்தது. சந்தேகமே வரவில்லை. மனுஷ உடம்பு இவ்வளவு ஒழுங்காக இறங்குமா என்று ஒரு நர்சு யோசித்திருக்க வேண்டாமா?

யோசிக்கவில்லை. அதற்குப் பதிலாக முகாமில் அவளை முன்னால் நிற்க வைத்தேன். சுகர் முகாம், ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மாளைப் பாருங்கள், சொன்னபடி கேட்டாள், எப்படி இளைத்திருக்கிறாள் பாருங்கள் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம் பச்சையம்மாள் துணை நிலையத்துக்கு வந்தாள். உள்ளே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள். நான் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டே என்ன அக்கா என்று கேட்டேன்.

“நேத்து கலாவுக்கு டீ எடுத்துகினு அளத்துக்குப் போனேன். கொட்டகைல மூட்ட நிறுக்கற மெஷின் கீது இல்ல, சும்மா ஏறி நின்னேன். அம்பத்திரண்டுன்னான் மேஸ்திரி. ரேவதி போன வாரம் அறுபத்திரண்டுன்னுது. எது நெசம் நர்சம்மா?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உப்பு மூட்டை போடுகிற மெஷினில் மனுஷர் ஏறலாமா, அது நமக்கு ஒத்து வருமா என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே உள்ளுக்குள் உறைத்தது. அந்த மெஷினுக்கு வருஷா வருஷம் சோதித்து முத்திரை குத்துவார்கள். ஒரு மூட்டையில் அரை கிலோ தப்பாகக் காட்டினாலும் வியாபாரி சண்டைக்கு வருவான். எங்கள் மெஷினுக்காக யார் சண்டைக்கு வருவார்கள்?

அவளை எங்கள் மெஷினில் ஏற்றினேன். ஐம்பத்திரண்டு.

ரேவதி மாதா மாதம் எடை எழுதும் அவள் கார்டை எடுத்தேன். அறுபத்திரண்டு. பத்து கிலோ. ரேவதியை போனில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் மூன்று கிலோ கூட்டுகிறாயா என்றேன். ஆமாம் மேடம், நீங்கதானே சொன்னீங்க என்றாள். பச்சையம்மாளுக்கு மட்டும் ஏன் பத்து என்றேன். நீங்க திட்டினீங்களே என்று அழ ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டேன்.

பச்சையம்மாளிடம் வேறு என்ன தொந்தரவு என்று கேட்டேன். ஏழு மாதத்தில் முதல் முறையாகக் கேட்டேன். சோறு இறங்கவில்லை என்றாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். இருமல் இருக்கிறதா என்றேன். அது நாற்பது வருஷமாக இருக்கிறது, உப்புத் தூசி என்றாள். நானும் தலையாட்டினேன். இங்கே இருமாதவர் யார்?

“இதெல்லாம் ஏங்க்கா முன்னயே சொல்லல?” என்றேன். அதட்டலாகத்தான் கேட்டேன்.

“சொல்லலாம்னுதான் அன்னிக்கு முகாமுக்கு வந்தேன். எல்லாரும் கை தட்டுனீங்க. நல்லதுதான் போலன்னு உட்டுட்டேன்.”

இதைக் கேட்ட பிறகு ஒரு நல்ல நர்சு என்ன செய்திருப்பாள்? அவளைக் கையோடு ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பாள். நான் செய்யவில்லை. கூடப் போனால் டாக்டர் கேள்வி கேட்பார். எப்படிப் பத்து கிலோ தப்பாக இருந்தது, மற்ற கார்டுகள் எப்படி என்று கேட்பார். எனக்கு ரிட்டையர் ஆக நாலு மாதம்தான் இருந்தது. ரேவதி வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பேரைத்தான் நினைத்தேன்.

அவள் ஒருத்தி கார்டில் மட்டும், அறுபத்திரண்டுக்குக் கீழே அன்றைய தேதி போட்டு ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். சோறு இறங்கவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அவளைத் தனியாக அனுப்பினேன். உண்மையை எழுதிவிட்டோம், இனி டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதி வேறு.

பொய்க்கு நடுவில் ஒரே ஒரு உண்மையை எழுதி வைத்தால் அது என்ன ஆகும் தெரியுமா? அதுதான் தப்பு மாதிரித் தெரியும். டாக்டர் ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சின்னப் பையன், அன்று அவர் முன்னால் நூறு பேர் வரிசை. பச்சையம்மாளை எழுபத்தாறு கிலோவில் அவர் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு கிலோ நல்ல எடை, முதல் முறை பார்க்கிறவர் கண்ணுக்கு அவள் நோயாளியே இல்லை. கார்டைப் பார்த்தார். மாதம் இரண்டு கிலோவாக அழகாக இறங்கி வந்திருக்கிறது, கடைசியில் திடீரென்று பத்து. ஒரே வாரத்தில் யாருக்கும் பத்து கிலோ குறையாது. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று அதை அடித்துவிட்டார். பசிக்க ஒரு டானிக், அதே சுகர் மாத்திரை. அடுத்த மாதம் சரியாக எடை பார்த்து வரச் சொன்னார். அவர்மேல் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். நான் எழுதிக்கொடுத்ததை அவர் படித்தார்.

எட்டு நாள் கழித்து மத்தியானம் கலா போன் செய்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை என்றாள். நானும் ரேவதியும் ஓடினோம். பச்சையம்மாள் பாயில் கிடந்தாள். உடம்பு கொதித்தது, மூச்சு வேகமாக வந்தது. குழந்தை அவள் காலடியில் உட்கார்ந்து பொம்மையை வைத்துக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் இருமி வாயைத் துடைத்த துணியைப் பார்த்தேன். லேசாகச் சிவப்பு.

டாக்டருக்கு போன் போட்டேன். காய்ச்சல், மூச்சுத் திணறல், சளியில் ரத்தம் மாதிரி இருக்கிறது, ஆம்புலன்ஸ் சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் பெயரைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த கார்டைப் பார்த்தார். போன வாரம் நடந்து வந்தார்களே, எடை அறுபத்திரண்டு இருக்கிறது, ஊரெல்லாம் காய்ச்சல் சுற்றுகிறது, மாத்திரை கொடுத்து நாளைக்குக் கூட்டி வாருங்கள் என்றார்.

நாளைக்கு வரை அவள் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. முப்பத்து மூன்று வருஷம் பார்த்த கண். ரேவதி வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, கலாவுக்குக் கேட்காத மாதிரி சொன்னாள்.

“மேடம், சீரியஸ்னு மட்டும் அடிச்சுச் சொல்லுங்க. கார்டு விஷயம் வேணாம்.”

எனக்கும் அப்படித்தான் சொல்ல ஆசை. ஆனால் சீரியஸ் என்று எல்லோரும்தான் சொல்கிறோம், ஒரு நாளைக்குப் பத்து பேர் சொல்கிறோம். டாக்டர் கையில் இருப்பது கார்டு. கார்டு அவள் நன்றாக இருக்கிறாள் என்கிறது. அந்தக் கார்டை உடைக்காமல் அவரை நம்ப வைக்க முடியாது.

“சார், அந்தக் கார்ட நம்பாதீங்க. அதுல இருக்கற எடை எல்லாம் பொய். கூட்டிப் போடச் சொன்னது நான். இந்தம்மா ஏழு மாசத்துல இருபத்தி நாலு கிலோ இறங்கியிருக்காங்க. நீங்க அடிச்ச அம்பத்திரண்டுதான் நெசம்.”

இந்த ஒரு கார்டா, எல்லாமா என்று டாக்டர் கேட்டார். எல்லாம் சார் என்றேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். குழந்தையை உடனே வெளியில் தூக்கிப் போகச் சொல்லுங்கள் என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. டிபி. தெருத் தெருவாக டிபி நோட்டீஸ் ஒட்டிய எனக்கு, ஏழு மாதமாக என் கண் முன்னால் இருந்த டிபி தெரியவில்லை. இளைத்தால் நல்லது என்ற ஒரு வசனம் என் கண்ணை மறைத்துவிட்டது.

நான் திரும்பியபோது கலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் போனில் பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்தில் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நுரையீரலிலும் டிபி. சுகரும் எகிறியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிணமாகத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். அவருக்கு நடந்தது தெரியாது, சாதாரணமாகச் சொன்னார்.

அடுத்த நாள் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். கூட்டச் சொன்னது நான், நிறுத்தச் சொல்லாததும் நான், திட்டிப் பயமுறுத்தியதும் நான், ரேவதி சொன்னதைச் செய்தாள். மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ரேவதி வேலை தப்பியது. எங்கள் எடையை இனி யாரும் நம்ப மாட்டார்கள் என்று நானும் அவளும் அளத்துக் கொட்டகையில் இருந்த மூட்டை மெஷினை இரவல் வாங்கி, எங்கள் நிலையத்தைச் சேர்ந்த மூன்று ஊரிலும் அறுபது தாண்டிய ஒவ்வொருவரையும் ஏற்றினோம். மேஸ்திரி மூக்கால் அழுதார். மூட்டை போடுகிற மெஷினில் மனுஷங்களா என்றார். மெஷின் கேட்டால் உப்பு என்று சொல்லுங்கள் என்றேன்.

ஐந்து நாள் ஆனது. எப்போதும் ஒல்லிதான் என்று நாங்கள் தாண்டிப் போன ஒரு பெரியவர் முப்பத்தாறு கிலோ இருந்தார். பல் போன பிறகு ஒரு வருஷமாக டீயும் பன்னும்தான் சாப்பாடு என்று அன்றுதான் சொன்னார். மருமகள் வந்த யோகம், சதை போட்டிருக்கிறது என்று தெருவே பேசிய ஒரு அம்மாவின் காலை அழுத்தினேன், விரல் உள்ளே போய்க் குழி விழுந்தது. சதை இல்லை, தண்ணீர். கிட்னி. இரண்டு பேரையும் அனுப்பி வைத்தோம். வயசானவர் எடையில் நம்பரை மட்டும் பார்க்காதீர்கள், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், அவரிடம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்த பாடம் இவ்வளவுதான். இதோடு நிறுத்தினால் எனக்கு நல்ல பேர். ஆனால் இன்னும் இருக்கிறது.

பத்தாம் நாள் பச்சையம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாஸ்க். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பழைய மெஷின், மூன்று கிலோ, ரேவதியைத் திட்டியது, டாக்டரிடம் அவளைத் தனியாக அனுப்பியது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கலாவுக்கும் கொயந்தைக்கும் ஒட்டியிருக்குமா நர்சம்மா?” என்று கேட்டாள். அது ஒன்றுதான் கேட்டாள்.

சோதனை செய்திருக்கிறோம், தெரியவில்லை என்றேன். மூன்று நாளில் முடிவு வந்தது. கலாவுக்கு ஒட்டியிருந்தது. குழந்தைக்கு இல்லை. இல்லாவிட்டாலும் வராமல் இருக்க குழந்தைக்கும் ஆறு மாதம் தினம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார்கள்.

அம்மாவும் மகளும் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அதற்கு நடுவில் நான் ரிட்டையர் ஆனேன், மாலை போட்டு அனுப்பினார்கள். மருந்து முடிந்து ரொம்ப நாள் கழித்து, கலாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். பச்சையம்மாள் வா என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. கலா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“எங்கம்மா உங்கள மன்னிச்சிட்டாங்க. அது அவுங்க இஷ்டம். என் பொண்ணு ஆறு மாசம் தினைக்கும் அழுதுகினே மாத்திர முழுங்குச்சு. வாந்தி எடுக்கும், மறுபடி குடுப்பேன். எனக்கே நிக்க முடியாது, அதப் புடிச்சிகினு குடுப்பேன். பக்கத்துத் தெருவுலதான இருக்கீங்க. ஒரு நாளு வந்து பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்று சொன்னேன்.